கடற்கொள்ளையரின் காதலும் கலங்கிய மனமும்

கேள்வி: அண்மைக் காலத்தில் வரும் கடற்கொள்ளையர் கதைகளிலும் பிற வரலாற்றுச் சாகசப் புனைவுகளிலும் பால்புதுமையர் (தன்பாலை விரும்புவோர், இருபாலரையும் விரும்புவோர் போன்றோர்) முதன்மைப் பாத்திரங்களாக வருகிறார்கள். அவர்களில் பலர் மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் அவதிப்படுகிறவர்களாகவும் இருக்கிறார்கள். இன்றைய கவலைகளை 300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்கள் மேல் ஏற்றிச் சொல்வதாக இது ஆகாதா? இவர்களை நோயாளிகளாகவே காட்டிவந்த பழைய வழக்கத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பதில்:

இந்தக் கேள்வியில் இரண்டு ஐயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று வரலாற்றைப் பற்றியது: அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட மனிதர்களும் மனத்துயரங்களும் இருந்தனவா, இருந்தால் அன்றைய உலகம் அவற்றை எப்படிப் புரிந்துகொண்டது என்பது. மற்றொன்று எழுதுபவரின் பொறுப்பைப் பற்றியது: தன்பாலை விரும்பும் ஒருவரை மனம் நொந்தவராகவும் காட்டும்போது, அந்த விருப்பமே நோய் என்ற பழைய பழியைக் கதை மறுபடியும் சுமத்துகிறதா என்பது. முதல் ஐயத்துக்குப் பழைய ஏடுகளே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கான பதில் கதைக்குக் கதை மாறும். எனவே எனக்கு நன்கு பழக்கமான இரண்டு தொலைக்காட்சித் தொடர்களையும் ஒரு நாவல் வரிசையையும் வைத்துக்கொண்டு பேசுகிறேன். கதை முடிவுகளையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

ஸ்டீட் பானெட் என்ற கடற்கொள்ளையரிலிருந்து தொடங்கலாம். 1688இல் பார்படோஸ் தீவில் பிறந்த பானெட், தோட்டமும் அடிமைகளும் குடும்பமும் உடைய செல்வந்தர், கப்பலோட்டத் தெரியாதவர். அவர் 1717இல் சொந்தப் பணத்தில் ஒரு கப்பலைத் தயார் செய்து, அதற்கு 'ரிவெஞ்ச்' என்று பெயரிட்டு, கொள்ளையில் ஆளுக்கொரு பங்கு என்ற கடற்கொள்ளையர் வழக்கத்துக்கு மாறாக மாலுமிகளுக்கு மாதச் சம்பளம் பேசி, மனைவி மக்களை விட்டுவிட்டு ஓர் இரவில் கடலேறிவிட்டார். கேப்டன் சார்ல்ஸ் ஜான்சன் என்ற பெயரில் 1724இல் லண்டனில் வெளியான கடற்கொள்ளையர் வரலாற்று நூல், இவரை அண்டை அயலார் கண்டிக்கவில்லை, இரக்கப்பட்டார்கள் என்கிறது. காரணம், சில காலமாகவே இவருடைய மனம் கலங்கியிருந்தது கண்கூடாகத் தெரிந்ததாம். இல்லறத்தில் கண்ட கசப்பே அந்தக் கலக்கத்துக்குக் காரணம் என்று பேசிக்கொண்டார்களாம். 1717ஆம் ஆண்டுப் பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றில் இன்னொரு காட்சி கிடைக்கிறது. காயம்பட்ட பானெட், கப்பலின் தலைமையைப் பிளாக்பியர்ட் என்று பெயர்பெற்ற கடற்கொள்ளையர் எட்வர்ட் டீச்சிடம் விட்டுவிட்டு, காலையில் வீட்டில் உடுத்தும் தளர்ந்த மேலங்கியோடு கப்பல் தளத்தில் உலாவுகிறார். பிறகு தம் புத்தகங்களிடம் போய்விடுகிறார். கப்பலிலேயே நல்ல நூலகம் வைத்திருந்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 10 அன்று சார்ல்ஸ் டவுனில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

'அவர் ஃப்ளாக் மீன்ஸ் டெத்' என்ற தொடர் 2022இல் தொடங்கி இரண்டு பருவங்களோடு நின்றுபோனது. அந்த மேலங்கி, நூலகம், இல்லறக் கசப்பு, கலங்கிய மனம் ஆகிய நான்கையும் அது அப்படியே எடுத்துக்கொள்கிறது. பானெட்டுக்கும் டீச்சுக்கும் இடையே காதல் இருந்ததற்கு ஏடுகளில் சான்று கிடையாது. அது முழுக்கக் கற்பனை. ஆனால் மனம் உடைந்து கடலுக்கு ஓடிய கனவான் 1724இலேயே அச்சில் இருக்கிறார். இக்கதையில் இக்காலத்தவர் சேர்த்தது காதல்தான். மனத்துயரம் மூலத்திலேயே இருக்கிறது.

இது பானெட் ஒருவரின் கதை மட்டும் அன்று. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மனத்துயரத்துக்கு இன்று நாம் வழங்கும் பெயர்கள் இல்லையே தவிர, பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜார்ஜ் செய்ன் என்ற மருத்துவர் 1733இல் 'இங்கிலீஷ் மாலடி' என்ற நூலை எழுதினார். அளவுக்கு மீறிப் பருத்த தம் உடலையும் தம்மை வாட்டிய சோர்வையும் அதில் தாமே விவரித்தார். நரம்புத் தளர்ச்சியும் மனச்சோர்வும் வசதி படைத்த ஆங்கிலேயரின் நோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பது அவர் கணிப்பு. வீட்டு ஏக்கத்தால் உருக்குலைந்தவர்களைப் பற்றி 1688இலேயே யோஹான்னஸ் ஹோஃபர் என்பவர் மருத்துவ ஆய்வேடு எழுதி, அதற்கு நோஸ்டால்ஜியா என்று பெயரும் வைத்திருந்தார். வெப்பக் கடல்களில் மாலுமிகளுக்கு வரும் ஒரு சன்னியில், கடல் பச்சை வயலாகத் தோன்றி, அதில் இறங்கி நடக்கத் துடிப்பார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. அதைக் 'காலென்சர்' என்றார்கள். கடற்படை மருத்துவர் கில்பர்ட் பிளேன், மனநோய் பொதுமக்களைவிடக் கடற்படையினரிடம் மிகுதி என்று கண்டு, குடிபோதையில் தாழ்வான தளங்களில் தலை முட்டிக்கொள்வதே அதற்குக் காரணம் என்று கருதினார். காரணம் தவறாக இருக்கலாம். நோயாளிகள் இருந்தது உண்மை. அவர்களை லண்டன் ஹாக்ஸ்டனில் இருந்த தனியார் விடுதியிலும், 1818 முதல் ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையிலும் வைத்திருந்தார்கள்.

தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு இருக்க வேண்டியதில்லை. வீரபாண்டியனின் தலையைக் கொய்த கணத்திலிருந்து மீள முடியாமல் தவிக்கும் ஆதித்த கரிகாலனைப் 'பொன்னியின் செல்வ'னில் படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தவிப்பை இக்காலத்து நோய் என்று நம்மில் யாரும் ஒதுக்கியதில்லை.

பால்புதுமையர் வரலாற்றுக்கு வந்தால், சிக்கல் சான்றுகளின் தன்மையில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1533ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களுக்கிடையேயான உறவுக்கு மரண தண்டனை விதித்தது. 1749இல் கடற்படைக்கு வகுத்த போர் விதிகளும் அதையே சொல்லின. லண்டனில் ஆண்கள் கூடிப் பழகிய 'மாலி' வீடுகள் பல இருந்தன. அவற்றில் மதர் கிளாப் என்ற பெண்மணி நடத்திய வீடு 1726இல் சோதனைக்குள்ளாகி, மூவர் லண்டனின் தூக்குமேடை இருந்த டைபர்னில் தூக்கிலிடப்பட்டார்கள். 'ஆஃப்ரிகேன்' என்ற போர்க்கப்பலைச் சேர்ந்த நால்வர் 1816இல் இதே குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். இவையெல்லாம் நமக்குத் தெரியக் காரணம் நீதிமன்றப் பதிவுகள்தாம். பிடிபட்டவர்களின் கதைதான் ஏட்டில் ஏறியிருக்கிறது. பிடிபடாமல், வாய் திறக்காமல், ஒருவரையொருவர் நேசித்து மூப்படைந்தவர்கள் எழுத்தில் எதையும் விட்டுச் செல்லவில்லை. போர்க்கப்பலில் ஒரு மாலுமிக்குத் தூங்குதூளி கட்ட ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். அந்த நெருக்கத்தில் ஒரு பார்வையைக்கூட மறைப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். கரீபியக் கொள்ளையர்களிடையே இருவர் உடைமைகளைப் பொதுவாக வைத்து, ஒருவர் இறந்தால் மற்றவருக்குச் சொத்துச் சேரும்படி செய்துகொண்ட 'மட்லோட்டாஜ்' என்ற உடன்படிக்கை இருந்தது. அதில் எத்தனை தொழில் கூட்டு, எத்தனை காதல் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நாவலாசிரியர் நுழைவதற்கு வழி அங்கேதான் இருக்கிறது, அவர் நுழைவதில் பிழையும் இல்லை.

இனி இரண்டாவது ஐயம். முதலில் ஒரு காலக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 18ஆம் நூற்றாண்டின் பார்வையில் தன்பால் உறவு பாவம், குற்றம். நோய் என்ற எண்ணம் அன்று வேரூன்றவில்லை. 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லே 1869இல்தான் அச்சேறியது. கிராஃப்ட்-எபிங் என்ற மருத்துவர் 1886இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் அதை மனக்கோளாறுகளின் பட்டியலில் உறுதியாகச் சேர்த்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும் உலக சுகாதார நிறுவனம் 1990இலும் தத்தம் பட்டியல்களிலிருந்து அதை நீக்கின. ஆகவே 1700களில் நடக்கும் ஒரு கதையில், காதலித்த குற்றத்துக்காக ஒருவரை மனநோய் விடுதியில் அடைப்பதாகக் காட்டினால், எழுதியவர் 150 ஆண்டுகள் முந்திவிட்டாரோ என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

2014 முதல் 2017 வரை நான்கு பருவங்களாக வந்த 'பிளாக் செயில்ஸ்' தொடர் அப்படித்தான் காட்டுகிறது. ஸ்டீவன்சனின் புதையல் தீவுக் கதையில் பெயரளவில் மட்டும் வரும் கேப்டன் ஃபிளின்ட்டுக்கு இத்தொடர் ஓர் இளமைக் காலத்தைத் தருகிறது. 1705இல் அவர் ஜேம்ஸ் மெக்ரா என்ற கடற்படை அதிகாரி. பஹாமாஸ் தீவுகளில் உள்ள நாசோ துறைமுகக் கொள்ளையர்களுக்கு மன்னிப்பு வழங்கி அவர்களைக் குடிமக்களாக்க வேண்டும் என்று கனவு காணும் தாமஸ் ஹாமில்டன் என்ற பிரபுவின் மகனுக்கு உதவியாக லண்டனில் அமர்த்தப்படுகிறார். தாமஸின் மனைவி மிராண்டாவுக்குத் தெரிந்தே இருவரும் காதலிக்கிறார்கள். செய்தி வெளிப்பட்டதும் தாமஸின் தந்தை மகனைப் பெத்லம் மனநோய் விடுதியில் அடைத்துவிடுகிறார்.

இதை ஒரேயடியாகக் காலப்பிழை என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. நாசூக்காகச் சொன்னால் குடும்ப மானம், பச்சையாகச் சொன்னால் சொத்தும் அதிகாரமும்: இவற்றுக்காக, புத்தி தெளிவாக உள்ளவர்களைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்து வைப்பது அன்று நடந்தது. மனைவியர் மேல் சலிப்புற்ற கணவர்கள் அவர்களைத் தனியார் விடுதிகளில் பூட்டி வைப்பதைக் கண்டித்து டேனியல் டீஃபோ 1728இல் எழுதினார். அத்தகைய விடுதிகளுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1774இல்தான் வந்தது. தொடரில் எனக்கு உறுத்துவது வேறொன்று: பெத்லம் பெரும்பாலும் ஏழைகளுக்கான அறக்கட்டளை விடுதி, பிரபு ஒருவர் தம் மகனை மறைக்க விரும்பியிருந்தால், ஊர் மக்கள் காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வந்த பெத்லத்தைவிட, கதவு சாத்திய தனியார் விடுதி ஒன்றைத்தான் நாடியிருப்பார்.

உண்மையான துயரத்துக்குத் தவறான காரணம் சொல்லப்படுவதை விளக்க நம் மரபிலேயே ஒரு காட்சி இருக்கிறது. குறிஞ்சித் திணைப் பாடல்களில் தலைவியின் உடல் மெலிகிறது, வளை கழல்கிறது, பசலை படர்கிறது. தாய் அதை முருகன் அணங்கியதாக எண்ணி, முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். களம் இழைத்து, மறி அறுத்து, வேலன் வெறியாடுகிறான். தோழிக்கு மட்டும் தெரியும், இந்த நோய் காதலனான மலைநாடனால் வந்தது என்று. அங்கே நோய் பொய்யில்லை. மெலிவும் உறக்கமின்மையும் உண்மை. காரணத்தைத்தான் வீடு தவறாகப் படிக்கிறது, மருந்தும் அதனால் தவறாகிறது. பால்புதுமையரின் மனத்துயரத்தைச் சொல்லும் கதை தோழியின் இடத்தில் நின்று பேசுகிறதா, வேலனின் இடத்தில் நின்று பேசுகிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். துயரமே இல்லை என்று மறைத்து எல்லாரையும் சிரித்த முகத்தோடு காட்டும் கதையும் தோழியின் கதை ஆகாது.

'பிளாக் செயில்ஸ்' பெரும்பாலும் தோழியின் பக்கம் நிற்கிறது. விடுதியில் அடைபட்ட தாமஸின் மனம் தெளிவானது; கதையில் மனம் புண்பட்டவர் வெளியே இருக்கும் ஜேம்ஸ். தாமஸ் விடுதியிலேயே தன்னுயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி அவரை எட்டுகிறது. அக்காலச் சட்டத்தில் அது எத்தகைய இறப்பு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். புத்தி தெளிவோடு தன்னைக் கொன்றவர் என்று தீர்ப்பானால் அவருடைய உடைமைகள் அரசுக்குப் போகும்; உடலை நாற்சந்தியில் புதைப்பார்கள்; இந்தப் புதைக்கும் வழக்கத்தை 1823இல்தான் சட்டம் நீக்கியது. குடும்பத்தைக் காப்பாற்ற எண்ணிய ஜூரிகள் பல வேளைகளில் இறந்தவரைப் பைத்தியம் என்று தீர்ப்பளித்தார்கள். அதாவது, அந்தச் சொல் சிறையாகவும் இருந்தது, கருணையாகவும் இருந்தது.

ஜேம்ஸுக்கு இந்த இறப்பில் எந்த உரிமையும் இல்லை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், இழவு வீட்டில் உட்கார அவருக்கு இடமில்லை. கணவரை இழந்த மிராண்டாவுக்காவது கைம்பெண் என்ற பெயர் இருக்கிறது. ஜேம்ஸுக்கு அதுவும் கிடையாது. அழ உரிமையில்லாத அந்தத் துக்கம் பத்தாண்டுகள் கழித்து ஃபிளின்ட் என்ற பெயரில், யாருக்கும் காரணம் தெரியாத கொடுஞ்சினமாக அட்லாண்டிக்கில் அலைகிறது. தொடர் இதை முதல் பருவம் முழுவதும் சொல்லாமல் வைத்திருந்து, இரண்டாம் பருவத்தின் நடுவில்தான் அவிழ்க்கிறது. ரோமானியப் பேரரசர் மார்கஸ் அரேலியஸின் நூல் ஒன்றின் உள்பக்கத்தில் தாமஸ் எழுதிக் கொடுத்த சில சொற்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்ற பொருள்பட, நம் கண்ணில் படுகின்றன. அதுவரை அந்த நூலை மிராண்டாவுக்கு உரியதாக எண்ணியிருந்த நாம், முன்பு பார்த்த ஒவ்வொரு காட்சியையும் திரும்ப எண்ண வேண்டியிருக்கிறது. துயரத்தைப் பற்றி ஒரு பாத்திரமும் விரிவுரை நிகழ்த்தாமல், மறைத்து வைப்பதே நோயாக மாறுவதைக் கதையின் கட்டமைப்பே நம்மை உணரவைக்கிறது.

ஆனால் இந்தத் தொடரிடம் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. இறுதியில் ஃபிளின்ட், தப்பிய அடிமைகளின் குடியிருப்பைச் சேர்ந்த மாடி என்ற பெண்ணோடு கைகோத்து, ஆங்கிலப் பேரரசையே எதிர்க்கும் போருக்குத் தயாராகிறார். ஃபிளின்ட்டின் கப்பல் தோழரான ஜான் சில்வர் அந்தப் போரை ஒரு மனிதனின் ஆறாத துக்கத்தின் விளைவாக மட்டும் படிக்கிறார். தாமஸ் உயிரோடு சவானா அருகே ஒரு தோட்டத்தில் இருக்கிறார் என்று கூறி, ஃபிளின்ட்டை அங்கே சேர்ப்பித்துப் போரை முடித்துவைக்கிறார். (சவானா இருக்கும் ஜார்ஜியா 1733இல்தான் உருவானது, அந்த ஆண்டுக் கணக்குப் பொருந்தவில்லை என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.) மாடி அவரை மன்னிக்க மறுக்கிறாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அடிமை முறையை எதிர்த்த சினம் நியாயமான சினம். அதை மனக்காயத்தின் அறிகுறியாகச் சுருக்கி, காதலர் கிடைத்ததும் தணிந்துவிடக் கூடியதாகக் காட்டுவது, வேலன் வெறியாடுவதன் இன்னொரு வடிவம். தொடர் இதை அறிந்தே செய்கிறது, மாடியின் வாயால் கேள்வியையும் எழுப்புகிறது. ஆயினும் மனநலக் கோணத்தில் எழுத விரும்புகிறவர்கள் இந்தப் பள்ளத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்: விளக்கம் என்ற பெயரில் ஒருவருடைய நியாயத்தையே பறித்துவிட முடியும்.

மெக்கென்சி லீயின் 'தி ஜென்டில்மேன்ஸ் கைட் டு வைஸ் அண்ட் வர்ச்சூ' (2017) வேறொரு வழியில் செல்கிறது. இளையோருக்காக எழுதப்பட்ட கலகலப்பான நாவல். 18ஆம் நூற்றாண்டில் பிரபுக்களின் மகன்கள் ஐரோப்பாவைச் சுற்றிவரும் நெடும்பயணம்தான் கதைக்களம். ஹென்றி மான்டேகு என்ற மான்டி ஆண்களையும் பெண்களையும் விரும்புபவன். ஈட்டன் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவன். தந்தையிடம் அடிபட்டே வளர்ந்தவன். குடியில் அதை மறக்கப் பார்ப்பவன். அவன் தன் நண்பன் பெர்சியைக் காதலிக்கிறான். கலப்பின மரபைச் சேர்ந்த பெர்சிக்கு வலிப்பு நோய். அதை மான்டியிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறான். பயண முடிவில் ஹாலந்தில் உள்ள ஒரு விடுதியில் அவனை அடைக்க அவனுடைய குடும்பம் முடிவு செய்திருக்கிறது. வலிப்பு மனநோய் அன்று. ஆனால் அக்காலம் அதைப் பைத்தியத்தோடும் பேயோடும் சேர்த்தே பார்த்தது, பயன்தரும் முதல் மருந்தான புரோமைடு வர 1857ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சாகசக் கதை என்றால் தேடிச் செல்ல ஒரு பொருள் வேண்டும். இங்கே அது எல்லா நோயையும் தீர்க்கும் ரசவாத மருந்து. மான்டி அதற்காக உயிரைப் பணயம் வைக்கிறான். தேடிப் போன பிறகுதான் தெரிகிறது, அந்த மருந்து ஒரு பெண்ணின் இதயம் என்றும், ஓர் உயிரைப் பறித்துத்தான் அதைப் பெற முடியும் என்றும். பெர்சி மறுத்துவிடுகிறான். உயிர்க்கொலை மட்டும் அதற்குக் காரணம் இல்லை. நோய் தீர்ந்தால்தான் மகிழ்ச்சியாக வாழ முடியும் என்று தான் ஒருபோதும் எண்ணியதில்லை என்கிறான். இத்தனை தூரம் அலைந்த மான்டி, உனக்கு இது வேண்டுமா என்று அவனிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. அன்பு மிகுந்தவர்கள் செய்யும் பிழை இது. நோயாளியைக் கேட்காமலே அவருக்காகக் கோயில் கோயிலாகவும் மருத்துவமனை மருத்துவமனையாகவும் ஓடும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் நெஞ்சைத் தொடும். சாகசக் கதையின் தேட்டப் பொருளையே வேண்டாம் என்று சொல்லவைத்த லீயின் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதே வரிசையின் மூன்றாம் நாவல் 2021இல் வந்தது. இதன் நாயகன் மான்டியின் தம்பி ஏட்ரியன். தனக்கு ஓர் அண்ணன் இருப்பதே தெரியாமல் வளர்ந்தவன். வேரூன்றிய பதற்றத்தால் அவதிப்படுகிறான். அண்மையில் இறந்த தாயும் இதே துன்பத்தோடு வாழ்ந்தவர்; தனக்கும் அது வந்துவிட்டதை ஊர் அறிந்துவிடுமோ என்ற பயம் அவனைத் தின்கிறது. கேள்வி கேட்டவருக்கு இந்த அமைப்பில் ஒரு பதில் இருக்கிறது. ஒரே வீடு, ஒரே தந்தை. ஆண்களையும் விரும்பும் மகனுக்கு அடியால் வந்த காயம். இளைய மகனுக்குத் தாய்வழி வந்த பதற்றம். யார் யாரை விரும்புகிறார்கள் என்பதோடு ஏட்ரியனின் பதற்றத்துக்குக் கதை முடிச்சுப் போடுவதில்லை. மனநோய் பால்புதுமையரின் தனிச்சொத்து அன்று என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

காதலே மருந்து என்ற இன்னொரு பொறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்கதைகளில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் அது. 'அவர் ஃப்ளாக் மீன்ஸ் டெத்'தின் முதல் பருவ முடிவில், ஸ்டீட் சொல்லாமல் பிரிந்த பிறகு, டீச் ஸ்டீடின் அறையில் போர்வைகளையும் தலையணைகளையும் கொண்டு குழந்தைகள் கட்டுவது போல ஒரு கூடாரம் அமைத்து, அவருடைய மேலங்கியை உடுத்திக்கொண்டு உள்ளே கிடந்து அழுகிறார். துணையாளர் இஸி வந்து, இப்படியொருவருக்குக் கீழ் வேலை செய்ய வரவில்லை என்று ஏளனம் செய்கிறார். அந்த ஏளனத்துக்குப் பிறகு டீச் முகத்தில் கரி பூசிக்கொண்டு பழைய கொடியவராகிறார். ஸ்டீடின் புத்தகங்கள் கடலுக்குள் வீசப்படுகின்றன. ஆண் அழக் கூடாது என்ற கட்டளை ஒரு மனிதரை என்ன செய்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய கடற்கதையை நான் பார்த்ததில்லை. 1717ஆம் ஆண்டுச் செய்தித்தாளில் வேடிக்கைப் பொருளாக இருந்த அதே மேலங்கி, இங்கே துக்கத்தின் ஆடையாகிறது.

இரண்டாம் பருவத்தில் டீச் சாக விரும்பிக் கப்பலையே புயலுக்குள் செலுத்துகிறார். ஸ்டீட் திரும்பி வந்ததும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. டீச்சால் காயமடைந்த மாலுமிகள் அங்கேயே இருக்கிறார்கள். இஸியின் ஒரு கால் போய்விட்டது. டீச் சாக்குத் துணியை உடுத்தி, கழுத்தில் மணி கட்டி, அவர்கள் நடுவே தலைகுனிந்து நடமாட வேண்டியிருக்கிறது. காட்சி நகைச்சுவையாக அமைந்திருந்தாலும், மனம் உடைந்திருந்தது என்பதற்காகப் பிறருக்குச் செய்த தீங்கு இல்லாமல் போகாது என்ற உண்மையை அது விட்டுக்கொடுக்கவில்லை. அதன் பிறகு மீட்சி சற்று அவசரமாக முடிந்துவிட்டது என்பது என் கருத்து. எட்டே அத்தியாயங்களில் ஆறக்கூடிய புண் இல்லை அது.

இக்கதைகளின் பாத்திரங்களைத் துரத்திய 1533ஆம் ஆண்டுச் சட்டம் நம் ஊருக்கும் வந்தது. அதன் வழித்தோன்றலாக 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவும், 1883ஆம் ஆண்டு இலங்கைத் தண்டனைச் சட்டத்தில் 365ஆம் பிரிவும் இடம்பெற்றன. வயது வந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் உறவுக்கு 377ஆம் பிரிவு பொருந்தாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2021 ஜூன் 7 அன்று அளித்த உத்தரவில், ஒருவருடைய பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். தம்முடைய தயக்கங்களைப் புரிந்துகொள்வதற்காக அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பேசியதையும் அந்த வழக்கில் வெளிப்படையாகப் பதிவு செய்தார். பெர்சிக்கும் தாமஸுக்கும் காத்திருந்த விடுதிக் கதவு, வேறு பெயரில், 21ஆம் நூற்றாண்டுச் சென்னை வரை திறந்துதான் இருந்தது. எனவே இக்கதைகளைப் படிக்கும் தமிழ் இளைஞர் ஒருவர் அவற்றைத் தொலைதூரத்து வெள்ளையரின் கதையாக மட்டும் படிப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இவற்றைத் தமிழில் எழுதவோ மொழிபெயர்க்கவோ முனைபவர்களுக்குச் சொற்கள் குறித்து ஒரு சொல். பால்புதுமையர் போன்ற மதிப்பான சொற்களைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் நமக்குத் தருகிறது. கட்டுரைக்கும் முன்னுரைக்கும் அவை ஏற்றவை. ஆனால் 1720இல் கப்பல் தளத்தில் நிற்கும் ஒருவர் தம்மைப் பற்றி நினைக்கும்போது அவற்றையோ, மனச்சோர்வு, பதற்றக் கோளாறு போன்ற சொற்களையோ பயன்படுத்தினால் கதை அங்கேயே உடைந்துவிடும். அவருக்குப் பெயர் தெரியாது. நெஞ்சு அடைக்கிறது, கை நடுங்குகிறது, விடியும்வரை பலகை இடுக்கை எண்ணிக்கொண்டு கிடக்கிறார் என்பது மட்டுமே தெரியும். சங்கப் புலவர்கள் கழலும் வளையையும் படரும் பசலையையும் காட்டியதுபோல உடலைக் காட்டினாலே போதும். 'பித்து' என்ற நம் சொல்லையும் கவனமாகக் கையாள வேண்டும். சுந்தரர் சிவனையே பித்தா என்று அழைத்த மொழியில், அந்தச் சொல்லுக்குள் நோயும் பேரன்பும் ஒன்றாக இருக்கின்றன. காதலுக்கும் மனநோய்க்கும் முடிச்சுப் போடக் கூடாது என்று நினைக்கும் கதையில், அழகாக இருக்கிறது என்பதற்காக அதை இறைத்துவிட்டால் அந்த முடிச்சு தானாகவே விழுந்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் 1724ஆம் ஆண்டு நூலில் பானெட்டைப் பற்றிய அத்தியாயத்தைப் படிக்கலாம். அளவில் சிறியது, பதிப்புரிமை கடந்தது என்பதால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பிறகு லீயின் முதல் நாவல், அதன் பிறகு இரண்டு தொடர்கள் என்று போகலாம். மான்டியின் கதையில் தந்தையின் வன்முறையும், டீச்சின் இரண்டாம் பருவத் தொடக்கத்தில் சாகும் எண்ணமும் நேரடியாக வருகின்றன. அத்தகைய நாள்களைக் கடந்துகொண்டிருப்பவர்கள் அந்தப் பகுதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அல்லது நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.